மங்கிய படங்களில் கான்ட்ராஸ்ட்டை மீட்பது

பழைய படங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியாகிவிட்டது. திறந்து பார்த்தால் எல்லாமே வெளிறிக் கிடக்கின்றன. தலைமுடி கறுப்பாக இல்லை, வேட்டி வெள்ளையாக இல்லை, முகமும் பின்னால் தொங்கும் திரையும் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன. இந்த இடத்தில் பெரும்பாலோர் தேடுவது 'ஆட்டோ' பொத்தானைத்தான். அழுத்தியதும் படம் பளிச்சென்று மாறும். 'அட, புதுசு மாதிரி இருக்கே' என்று வீட்டில் பாராட்டும் கிடைக்கும். அதே படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வேட்டியின் மடிப்பு வெள்ளைக்குள் கரைந்திருக்கும். பட்டுப்புடவையின் கரை கறுப்புக்குள் போயிருக்கும். மூலப் படத்தில் மங்கலாகவேனும் இருந்த விவரம் இப்போது அறவே இல்லை.

அந்தப் பொத்தான் செய்கிற வேலையை நிதானமாகக் கையால் செய்வது எப்படி என்பதே இந்த அத்தியாயம். கிம்ப் மென்பொருளை வைத்து விளக்குகிறேன். 1996 முதல் புழக்கத்தில் இருக்கும் இலவச மென்பொருள் அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் லெவல்ஸ், கர்வ்ஸ் என்ற அதே பெயர்களில் அதே கருவிகள் உண்டு. மெனுவில் இருக்கும் இடம்தான் மாறும்.

256 படிகளைப் பங்கிடுவது

சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 வெளிச்சப் படிகள் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. கான்ட்ராஸ்ட் என்று நாம் சொல்வது, இரண்டு இடங்களுக்கு நடுவே இந்தப் படிகளில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைத்தான். கன்னம் 120, மூக்கோரத்து நிழல் 114 என்றால் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கக் கண் திணறும். அதுவே 130, 105 என்றால் மூக்கு எடுப்பாகத் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படம் மங்குவதற்குக் காரணங்கள் பல. கழுவும்போது ஹைப்போ என்ற ரசாயனம் முழுதாகப் போகாமல் தாளிலேயே தங்கியிருந்தால், காலப்போக்கில் அது வெள்ளியைத் தின்று பழுப்பாக்கும். ஈரப்பதம் அந்த வேலையை வேகப்படுத்தும். தாளும் தன் பங்குக்கு மஞ்சளாகும். விளைவாக, ஸ்கேன் செய்த படத்தில் மிகக் கறுப்பான இடமே 70-ஆம் படியில் நிற்கிறது, மிக வெள்ளையான இடம் 210-ஐத் தாண்டவில்லை என்று வையுங்கள். 70-க்குக் கீழும் 210-க்கு மேலும் ஒன்றுமே இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. நடுவிலுள்ள 140 படிகளை இழுத்து 0 முதல் 255 வரை பரப்பினால் கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட 1.8 மடங்காகும். யாருக்கும் நட்டமில்லை, சும்மா கிடந்த இடத்தைத்தானே எடுத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகும் கூட்ட வேண்டும் என்றால் கதை வேறு. இனிமேல் காலி இடம் கிடையாது. ஏரி மடையில் ஒரு வயலுக்கு அதிக நேரம் தண்ணீர் திறந்தால் இன்னொரு வயலுக்கு முறை குறைவது மாதிரிதான் இதுவும். 60 முதல் 140 வரை உள்ள பகுதிக்கு ஒன்றரை மடங்கு கான்ட்ராஸ்ட் கொடுத்தால், அந்த 80 படிகள் 120 படிகளை எடுத்துக்கொள்ளும். மீதி 175 படிகளும் மிஞ்சிய 135-க்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டும். அங்கே கான்ட்ராஸ்ட் முக்கால் மடங்காகச் சரியும். எந்த மென்பொருளும் எந்தச் செயற்கை நுண்ணறிவும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. ஆகவே படத்தைத் திறந்ததும் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எதற்குக் கொடுப்பது, எதனிடமிருந்து எடுப்பது என்பதுதான். குடும்பப் படத்தில் விடை எளிது. முகத்துக்குக் கொடுங்கள், பின்திரையிடமிருந்து எடுங்கள்.

ஸ்கேன் செய்யும்போதே

ஸ்கேனர் மென்பொருளில் 'ஆட்டோ எக்ஸ்போஷர்', 'கலர் ரெஸ்டோரேஷன்' போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணப் படமாகவே ஸ்கேன் செய்யுங்கள்; ஏன் என்பது கறைகளைப் பற்றிப் பேசும்போது புரியும். '48 பிட் கலர்' என்று ஒரு தேர்வு இருக்கும், அதையே எடுங்கள். கோப்பை டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் இந்த வேலைக்கு ஆகாது. அதில் 256 படிகளுக்கு மேல் இடமில்லை.

அந்த 48 பிட் ஏன் முக்கியம் என்றால், 140 படிகளை இழுத்து 255 வரை பரப்பும்போது புதுப் படிகள் பிறப்பதில்லை. பழைய 140-தான் இடைவெளி விட்டு நிற்கும். படிகளின் வரைபடமான ஹிஸ்டோகிராம் சீப்புப் பல்லாக உடைந்திருப்பதைக் காணலாம். முகத்தில் அது தெரியாது. ஆனால் ஸ்டூடியோச் சுவர், வானம் போல மெல்ல மெல்ல நிறம் மாறும் இடங்களில் பட்டை பட்டையாக விழும். 48 பிட் என்றால் ஒரு வண்ணத்துக்கு 16 பிட், அதாவது 65,536 படிகள். எவ்வளவு இழுத்தாலும் பட்டை விழாது. கிம்ப்பில் இந்த வசதி 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

மெல்லிய தாளில் உள்ள படத்தின் பின்பக்கம் பேனாவால் பெயர், தேதி எழுதியிருந்தால், ஸ்கேன் செய்யும்போது பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். எழுத்து முன்பக்கம் ஊடுருவித் தெரிவது குறையும். கைபேசியில் படமெடுப்பவர்கள் ஃபிளாஷைப் போடவே கூடாது. பளபளப்புத் தாளின் மேல் படும் வெளிச்சம் கறுப்புகளையெல்லாம் சாம்பலாக்கிவிடும்; பின்னால் எந்தக் கருவியாலும் அதை முழுதாகச் சரி செய்ய முடியாது.

லெவல்ஸ்

படத்தைத் திறந்ததும் முதல் வேலை வெட்டுவது. ஸ்கேனரின் மூடி, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை விளிம்பு எல்லாவற்றையும் கழித்துப் படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பின் வெள்ளை படத்திலுள்ள வெள்ளை அல்ல. அது உள்ளே இருந்தால் ஹிஸ்டோகிராம் பொய் சொல்லும். விளிம்பில் ஸ்டூடியோவின் முத்திரை இருந்தால் வெட்டாத கோப்பு ஒன்றையும் தனியாக வைத்திருங்கள்.

'இமேஜ்' மெனுவில் 'பிரிசிஷன்' என்பதில் 16 பிட் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு லேயரை நகலெடுத்து, நகலில் வேலை செய்யுங்கள். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி. அதில் லெவல்ஸ், கர்வ்ஸ் போன்றவை லேயரின் மேல் தனியாக நிற்கும். நாளைக்குத் திறந்தும் எண்களை மாற்றலாம்.

இப்போது 'கலர்ஸ்' மெனுவில் 'லெவல்ஸ்'. மலை மலையாகத் தெரிவது ஹிஸ்டோகிராம். எந்தப் படியில் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதன் வரைபடம் அது. அடியில் மூன்று முக்கோணங்கள் இருக்கும். இடது கறுப்பு, வலது வெள்ளை, நடு காமா. இடது முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வலதை மலை முடியும் இடத்துக்கும் நகர்த்துங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பாதி சரி.

கறுப்பில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். தலைமுடியின் ஆழம், கண்ணின் பாப்பா, கோட்டுப் பொத்தானின் நிழல் போன்ற சில இடங்கள் முழுக் கறுப்பானால் நல்லதுதான், படத்துக்கு அடித்தளம் கிடைக்கும். வெள்ளையில் கஞ்சத்தனம் வேண்டும். வேட்டி, சட்டை, மல்லிகைப்பூ இவை 240-ஐ ஒட்டி நிற்கட்டும். 255-க்குப் போக உரிமை உள்ளவை மூக்குத்தியின் மினுக்கும் மூக்குக் கண்ணாடியில் தெரியும் விளக்கும் மட்டுமே. ஆகவே நம் எடுத்துக்காட்டுப் படத்தில் இடதை 72-க்கும், வலதை 220-க்கும் வைப்பேன். மலை 210-இலேயே முடிந்தாலும் வெள்ளைப் பக்கம் பத்துப் படி விட்டுவைப்பது பின்னால் கர்வ்ஸுக்குக் கை கொடுக்கும்.

எந்த இடம் முழுக் கறுப்பிலோ முழு வெள்ளையிலோ அடிபடுகிறது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். 'வியூ' மெனுவில் 'டிஸ்பிளே ஃபில்டர்ஸ்' என்பதற்குள் 'கிளிப் வார்னிங்' இருக்கிறது. அதை இயக்கினால் அடிபட்ட இடங்கள் வேறு நிறத்தில் துருத்திக்கொண்டு தெரியும். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்தியபடி முக்கோணத்தை இழுத்தால் இதே தகவல் கிடைக்கும்.

நடு முக்கோணத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். 'பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட்' என்ற கருவியை எப்போதுமே தொட வேண்டாம். இரண்டு இழுப்பான்கள் இருப்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் கொடுப்பதை எங்கே கொடுப்பது என்று சொல்லும் வழி அதில் இல்லை.

கர்வ்ஸும் நம் முகங்களும்

லெவல்ஸ் முடிந்ததும் 'கர்வ்ஸ்'. மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்கோடு. அடியில் இருப்பது பழைய படி, பக்கவாட்டில் இருப்பது புதிய படி. கோடு எங்கே செங்குத்தாக நிமிர்கிறதோ அங்கே கான்ட்ராஸ்ட் கூடும். எங்கே படுக்கிறதோ அங்கே குறையும். மேலே போட்ட பங்கீட்டுக் கணக்கை அப்படியே கண்ணால் பார்க்கலாம்.

பயிற்சி வீடியோக்களில் எல்லாம் ஒரே பாடம்தான். நடுவில், 128-இல், ஒரு புள்ளியை நிறுத்து. கீழே கொஞ்சம் இறக்கு, மேலே கொஞ்சம் ஏற்று. கோடு ஆங்கில எஸ் எழுத்துப்போல் வளையும், படம் பளிச்சிடும். இந்தப் பாடம் எந்த முகத்தை மனத்தில் வைத்து உருவானது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், ஃபிரெட் ஆர்ச்சருடன் சேர்ந்து 1940-ஐ ஒட்டி வகுத்த ஜோன் முறையில், கறுப்பு முதல் வெள்ளை வரை 0 முதல் 10 வரை எண்கள். ஐந்தாவது ஜோன் நடுச்சாம்பல். கணினியில் அது ஏறத்தாழ 118-ஆம் படி. வெள்ளையர் முகத்தை அவர் வைத்தது ஆறாவது ஜோனில், அதாவது நடுவுக்கு மேலே. அப்படிப்பட்ட முகம் 150 முதல் 200 வரை இருக்கும். 128-ஐ அச்சாக வைத்து வளைத்தால் முகம் மேல் பாதியில் அகப்பட்டு ஒளி பெறும்.

நம் வீட்டுப் படங்களில் முகம் பெரும்பாலும் 60-க்கும் 115-க்கும் நடுவில் இருக்கிறது. அதே எஸ் வளைவைப் போட்டால் முகம் முழுவதும் கீழ்ப்பாதியில் மாட்டிக்கொண்டு, 60-இல் இருந்தது 42-க்கு இறங்கும். கண்குழியும் மீசையும் ஒன்றாகும். 'முகம் கறுத்துப்போச்சே' என்று உடனே பிரைட்னஸைக் கூட்டுவார்கள். தலைமுடி சாம்பலாகும், வேட்டி வெந்துபோகும். பழைய படங்களைத் திருத்தித் தரும் கடைகளில் பாதிக் கெடுதல் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

செய்ய வேண்டியது மிகச் சிறிய மாற்றம். அச்சை 128-இலிருந்து முகத்தின் நடுவுக்கு நகர்த்துங்கள். கர்வ்ஸ் சாளரம் திறந்திருக்கும்போதே படத்தில் கன்னத்தின் மேல் ஷிப்ட் விசையோடு கிளிக் செய்தால், அந்த இடத்தின் படியில் கோட்டின் மேல் ஒரு புள்ளி விழும். 88 என்று வைத்துக்கொள்வோம். அதை 88-லேயே நிறுத்துங்கள். முகத்தின் சராசரி வெளிச்சம் மாறாது. இப்போது முகத்தின் இருண்ட எல்லையான 60-ஐ 52-க்கு இறக்குங்கள். நெற்றியின் ஒளிபட்ட இடமான 115-ஐ 124-க்கு ஏற்றுங்கள். முகத்துக்குள் இருந்த 55 படிகள் 72 ஆகிவிட்டன. கண், மூக்கு, தாடை எல்லாம் பிரிந்து நிற்கும்.

விலையை யார் கொடுப்பது? வேட்டி மடிப்பு கெடக் கூடாது என்பதால் 215-ஐ 216-இல் கட்டிப்போடுங்கள். 115-க்கும் 215-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் வண்ணம் தீட்டிய திரை, நாற்காலி, தரை. அவற்றின் கான்ட்ராஸ்ட் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. தலைமுடிப் பகுதியில் எட்டில் ஒரு பங்கு குறையும். இரண்டையும் யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. கர்வ்ஸ் கையில் இருக்கும்போது முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கலாமே என்று கை அரிக்கும். ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேலேயே பென்சிலால் டச் செய்து முகத்தை வெளுப்பாக்கினார்கள். வண்ணப் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். 1950-களிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் தோல்நிறத்துக்குப் பொருந்தும்படியே பிரிண்ட் இயந்திரங்கள் சரி செய்யப்பட்டன. இந்த வரலாறெல்லாம் போதும். உங்கள் பாட்டியின் நிறத்தைத் திருத்த உங்களுக்கு வேலை இல்லை. பிரிண்டில் அவர் முகம் எந்தப் படியில் விழுந்திருக்கிறதோ அதை ஒட்டியே வையுங்கள்.

குழுப் படத்தில் ஒரே வளைவு எல்லோருக்கும் பொருந்தாது. அப்போது நகல் லேயரில் வளைவைப் போட்டு, அதற்கு லேயர் மாஸ்க் சேர்த்து, தேவைப்படாத இடங்களில் மென்மையான பிரஷ்ஷால் கறுப்பு அடியுங்கள். பிரஷ்ஷின் ஓரம் முகத்தின் ஓரத்தோடு ஒட்டினால் ஒளிவட்டம் போட்ட சாமி படமாகிவிடும். பெரிய பிரஷ், குறைந்த ஒப்பாசிட்டி, இரண்டு மூன்று தடவல் என்று போங்கள்.

தூசி, கீறல் நீக்குவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராஸ்ட் கூடிய பிறகுதான் எல்லாத் தூசியும் கண்ணில் படும்.

சிவந்துபோன வண்ணப் படங்கள்

1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் போட்ட வண்ணப் பிரிண்டுகள் பல, ஆல்பத்துக்குள் மூடியே இருந்தும் சிவந்துவிட்டன. அன்றைய தாள்களின் மூன்று சாயங்களில் சயான் சாயம் இருட்டிலும் தானே சிதையக்கூடியது. அது போனதும் சிவப்பு மிஞ்சுகிறது. இதற்குத் தனியாக வண்ணத் திருத்தம் செய்ய வேண்டியதில்லை. கான்ட்ராஸ்ட்டை வண்ணம் வண்ணமாகச் சரி செய்தாலே முக்கால் பங்கு முடிந்துவிடும்.

லெவல்ஸில் 'சேனல்' என்ற பட்டியலைத் திறந்து சிவப்பை எடுங்கள். மலை முழுதும் வலது பக்கம் ஒதுங்கி, 120-இலிருந்து 235 வரை இருக்கும். பச்சை 50 முதல் 215, நீலம் 65 முதல் 200 என்று இருக்கலாம். ஒவ்வொன்றிலும் இரு முனை முக்கோணங்களையும் தனித்தனியே மலையின் எல்லைக்கு நகர்த்துங்கள். சிவப்பு மறைந்து, இலை பச்சையாகும், வானம் வானமாகும். 'கலர்ஸ்' மெனுவில் 'ஆட்டோ' என்பதன் கீழ் உள்ள 'ஒயிட் பேலன்ஸ்' செய்வதும் இதையேதான். இரு முனைகளிலும் 0.05 சதவீதப் புள்ளிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மூன்று வண்ணங்களையும் இழுத்துவிடும். ஆட்டோ பொத்தான்களில் நான் மதிப்பது இது ஒன்றைத்தான். அதுவும் தொடக்கத்துக்கு மட்டும். மாலை வெயிலில் எடுத்த படத்திலும், படம் நிறைய நெல்வயல் இருக்கும் படத்திலும் இது உண்மையான நிறத்தையே பிடுங்கிவிடும். அப்படிப்பட்ட படத்தில் வேட்டி, நரைமுடி, தார்ச்சாலை போன்ற நிறமற்ற ஒன்றைத் தேடிப் பிடித்து, லெவல்ஸிலுள்ள சாம்பல் துளிக்குழாயால் அதைத் தொடுங்கள்.

வண்ணப் படத்தில் கர்வ்ஸால் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் நிறங்களும் சேர்ந்து கொழுக்கும். மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சு ஆகும். வளைவு போட்ட லேயரின் 'மோடு' பட்டியலில் 'எல்சிஎச் லைட்னஸ்' என்பதைத் தேர்ந்தால் வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் அடி லேயரில் இருந்தபடியே நிற்கும். ஃபோட்டோஷாப்பில் அதன் பெயர் 'லூமினாசிட்டி'.

கறையும் பழுப்பும்

கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்யச் சொன்னதன் காரணம் இதுதான். படம் நன்றாக இருந்து, மேலே மஞ்சள் கறையோ தேநீர்க் கறையோ மட்டும் இருந்தால், சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள். மஞ்சள் நிறம் சிவப்பு ஒளியை ஏறத்தாழ முழுதாகத் திருப்பி அனுப்புவதால் கறை அந்தச் சேனலில் தாளோடு தாளாகிவிடும். படமே பழுப்பாகிக் கரைந்துபோயிருந்தால் எதிர்ப்பக்கம் போங்கள். பழுப்பு உருவம் நீல ஒளியை அதிகம் விழுங்கும். ஆகவே மிஞ்சியிருக்கும் கான்ட்ராஸ்ட் முழுதும் நீலச் சேனலில்தான் ஒளிந்திருக்கும். கண்ணுக்கு வெற்றுத் தாளாகத் தெரிந்த இடத்தில் முகம் எழுந்து வருவதை இங்கே பார்க்கலாம். நீலச் சேனலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் அதிகம் என்பதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

பத்திரங்கள், கடிதங்களுக்கும் இதே வழி. நீல மையில் எழுதியதற்குச் சிவப்புச் சேனல்; எழுத்து கறுப்பாக எழும். அதன் மேல் விழுந்த சிவப்பு முத்திரையும் அந்தச் சேனலில் கரைந்து வழிவிடும். கிம்ப்பில் 'கலர்ஸ்', 'காம்பொனன்ட்ஸ்', 'எக்ஸ்ட்ராக்ட் காம்பொனன்ட்' என்று போனால் வேண்டிய சேனலைத் தனிப் படமாக எடுத்துக்கொள்ளலாம்.

இடத்துக்கு இடம் வேறு கான்ட்ராஸ்ட்

இதுவரை சொன்ன கருவிகளுக்கு ஒரு குறை உண்டு. 100-ஆம் படி முகத்தில் இருந்தாலும் சுவரில் இருந்தாலும் அவை ஒரே மாதிரிதான் நடத்தும். படத்தின் ஒரு பாதி இருட்டாகவும் மறுபாதி வெளிறியும் இருக்கும்போது, அந்தந்த இடத்தின் அக்கம்பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கும் முறை வேண்டும். மருத்துவப் படங்களுக்காக 1980-களில் வளர்ந்த அந்த வழியின் வரம்பு கட்டிய வடிவத்தை, 1994-இல் காரல் ஜாய்டர்வெல்ட் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். கிளாஹே என்ற சுருக்கப் பெயரில் இன்று எக்ஸ்ரே முதல் செயற்கைக்கோள் படம் வரை எங்கும் பயன்படுகிறது. படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஹிஸ்டோகிராமைப் பரப்பி, ஆனால் ஒரு வரம்புக்கு மேல் செங்குத்தாகப் போகாமல் தடுக்கும். அந்த வரம்பு இல்லையென்றால் வெற்றுச் சுவரின் இரைச்சல்கூடப் பெரிதாகிவிடும்.

ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் இலவச மென்பொருளான ஃபிஜியில் இது 'என்ஹான்ஸ் லோக்கல் கான்ட்ராஸ்ட்' என்ற பெயரில் இருக்கிறது. கட்ட அளவு 127, உச்சச் சரிவு 3 என்று அதிலேயே எண்கள் போட்டிருக்கும். சரிவை 2-க்குக் குறைத்துத் தொடங்குங்கள். ஓலைச்சுவடி, பழைய கணக்குப் புத்தகம், ஓரம் கருகிய பத்திரம் போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். மசி போன ஓலையாக இருந்தால் எந்த வடிகட்டியும் ஓரளவுக்குத்தான் உதவும். கீறல் மட்டும் இருந்து கறுப்பு இல்லாத எழுத்துக்குப் பக்கவாட்டில் விளக்கு வைத்து மறுபடி படமெடுப்பதே வழி. கல்வெட்டுக்கும் அப்படியே. நண்பகலில் நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கணினியில் உருட்டிப் பயனில்லை. வெயில் சுவரை உரசிப் போகும் காலையிலோ மாலையிலோ எழுத்தின் ஒவ்வொரு வெட்டும் தன் நிழலைத் தானே போடும்.

முகங்களுக்குக் கிளாஹே வேண்டாம். தோல் திட்டுத் திட்டாகும், சொரசொரப்பான சில்க் தாளில் போட்ட பிரிண்டாக இருந்தால் தாளின் நெசவு முகத்தின் மேல் படரும். அதற்குப் பதிலாக 'ஃபில்டர்ஸ்' மெனுவில் 'என்ஹான்ஸ்' என்பதன் கீழ் உள்ள 'அன்ஷார்ப் மாஸ்க்' கருவியைத் தலைகீழாகப் பயன்படுத்துங்கள். கூர்மைக்கு ரேடியஸ் 1 அல்லது 2 வைப்பார்கள். நீங்கள் 50 வையுங்கள், அமவுன்ட் 0.2 போதும். மெல்லிய திரையை விலக்கியது போன்ற தெளிவு வரும்.

கண்ணை நம்பாதீர்கள்

ஒரே சாம்பல் கறுப்புக்குப் பக்கத்தில் வெளுப்பாகவும் வெள்ளைக்குப் பக்கத்தில் இருட்டாகவும் தெரியும். பிரான்சின் கோப்ளான் நெசவாலையில் சாயத் துறைக்குப் பொறுப்பாயிருந்த வேதியியலாளர் செவ்ரல் 1839-இல் இதைப் பற்றியே ஒரு பெருநூல் எழுதினார். கிம்ப்பின் கறுப்புச் சாளரத்தில் உங்கள் படம் இருப்பதைவிட வெளிச்சமாகத் தெரிவதும் அதனால்தான். 'வியூ' மெனுவில் 'பேடிங் கலர்' என்பதை நடுச்சாம்பலாக மாற்றுங்கள். திரையில் 'நைட் லைட்' அணைந்திருக்கட்டும். திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துக்கொண்டு திருத்தினால் பிரிண்ட் இருட்டாக வரும்; பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெள்ளை அதற்கு ஒப்பாகும் வரை குறையுங்கள்.

வேலை முடிந்ததும் மறுநாள் காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள். கண் பழகிப்போவதால் எல்லோரும் தேவைக்கு மேல்தான் போட்டிருப்பார்கள். திருத்திய லேயரின் ஒப்பாசிட்டியை 70-க்கு இறக்கினால் பெரும்பாலும் அதுவே சரியான இடமாக இருக்கும்.

அச்சுக்கு அனுப்பும்போது

திரையில் பார்ப்பதற்கும் பிரிண்டுக்கும் ஒரே கோப்பு போதாது. நல்ல பளபளப்புத் தாளில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஏறத்தாழ 100-க்கு 1 என்ற விகிதம் கிடைக்கும். நாளிதழ்த் தாளில் 10-க்கு 1 கிடைத்தால் பெரிது. நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். மை தாளில் ஊறிப் பரவுவதால் 50 சதவீதச் சாம்பல் என்று அனுப்பியது 75 சதவீதத்தை ஒட்டிய இருட்டாக விழும். அதற்கென்று தனி நகல் எடுத்து, லெவல்ஸில் இதுவரை தொடாமல் வைத்திருந்த நடு முக்கோணத்தை 1.00-இலிருந்து 1.3 வரை கொண்டுபோய் முகத்தை வெளிச்சமாக்குங்கள். திரையில் அது வெளிறித்தான் தெரியும், அச்சில் சரியாகும். நிறத்தைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது முரணில்லை. தாளில் அதே நிறம் வருவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

கடையில் பிரிண்ட் போட எஸ்ஆர்ஜிபி வண்ணவெளியில், 95 தரத்தில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். கொடுக்கும்போதே, 'கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்கண்ணே, அப்படியே போடுங்க' என்று சொல்லிவிடுங்கள். பிரிண்ட் இயந்திரங்களில் தானியங்கித் திருத்தம் பொதுவாக இயக்கத்திலேயே இருக்கும். சொல்லாவிட்டால் நீங்கள் கையால் பார்த்துப் பார்த்துப் பங்கிட்டதை அது தன் கணக்குப்படி இன்னொரு முறை கலைத்துவிடும். முதலில் ஒரே ஒரு படத்தை மட்டும் போட்டு, வெயில் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.